தேதி வெட்டிய சொம்பு

கார்மேகம் தன் சொம்பை மறுபடி பார்த்தபோது அதற்குக் கண்ணாடிப் பெட்டி, சிவப்பு வெல்வெட் மெத்தை, தலைக்கு மேல் தனி விளக்கு எல்லாம் வந்திருந்தன. பன்னிரண்டு பேர் அறையில் அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் முதுகை மடித்துப் படுக்கிறவனுக்கு, துபாயில் தன்னைவிடத் தன் சொம்பு நன்றாகக் காலூன்றிவிட்டது என்று தோன்றியது.

பர் துபாயில் ஒரு ஓட்டலின் மாடி ஹால். 2008 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. வளைகுடாத் தமிழ்க் காலப்பயண ஆய்வு மன்றத்தின் சிறப்புக் கூட்டம். மன்றத்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர் மூவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூவருக்கும் சேர்த்துப் பெயர் டாக்டர் சரவணகுமார். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எங்கே என்று கேட்டால் ஒரு தீவின் பெயரைச் சொல்வார். தேசப்படத்தில் தேடினால் அந்த இடத்தில் கடல்தான் இருக்கும். வார நாட்களில் அவருக்கு மனை விற்பனை. இனிமேல் வரப்போகும் விமான நிலையத்துக்கு அருகில், இனிமேல் போடப்போகும் சாலையை ஒட்டி, ஊரில் உள்ள பொட்டல்களை விற்று விற்று, வராத காலத்தின் மேல் அவருக்கு அசைக்க முடியாத பிடிப்பு வந்திருந்தது. ஜெபல் அலிப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ‘ஃபாரெவர் பே’ என்ற வில்லாத் திட்டத்துக்கும் அவர் ஏஜென்ட். அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் ஆட்களைத்தான் கேம்பிலிருந்து பஸ் வைத்து அழைத்து வந்து ஹாலை நிரப்பியிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் பிரியாணி என்று சொல்லியிருந்ததால், காலப்பயணத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் எண்பது பேர் வந்திருந்தார்கள்.

“அன்பர்களே!” என்றார் டாக்டர். “பாறைக்குள்ளே திருகாணி, நிலக்கரிக்குள்ளே சங்கிலி என்று வெள்ளைக்காரன் என்னென்னவோ சொன்னான். நமக்குக் கிடைத்திருப்பது என்ன? ஆயிரத்து இருநூறு வருஷத்துச் சுவர். அந்தச் சுவருக்கு அடியிலே, கவனியுங்கள், மேலே இல்லை, பக்கத்திலே இல்லை, அடியிலே, இந்தக் கலம்! கலத்தில் தமிழ் எழுத்து! எழுத்துக்குக் கீழே ஒரு தேதி! அந்தத் தேதி இன்னும் வரவே இல்லை!”

பிரியாணி அண்டாவை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது.

“பதினாலு, ஒண்ணு, ரெண்டாயிரத்து ஒன்பது. வருகிற பொங்கல்! அன்றைக்குத்தான் ஒரு பயணி வந்து காலத்தின் வாசலைத் திறந்து பின்னோக்கிப் போகிறான். போன இடத்தில் அடையாளத்துக்கு இந்தக் கலத்தை விட்டுவிட்டு வருகிறான். எழுத்து என்ன? கா. ஜோ. கா என்றால் காலம். ஜோ என்றால் ஜோதி. அந்தப் பயணி தமிழன்!”

கைதட்டல் விழுந்தது. கார்மேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்கப்பன், அதே அறைக்காரர், கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“ஏன்டா, நம்மூர்ப் பாத்திரக் கடைச் சொம்பு மாதிரியே இருக்குல்ல?”

“மாதிரி இல்லண்ணே. சொம்பேதான். என் சொம்பு.”

“பிரியாணி வர்ற நேரத்துல வம்பை இழுக்காத. வாய மூடு.”

கார்மேகம் வாயை மூடிக்கொண்டான். கா என்றால் கார்மேகம். ஜோ என்றால் ஜோதிமணி.

2006 ஜனவரி, பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். பரமக்குடிப் பாத்திரக் கடை. எவர்சில்வரில் எதை வாங்கினாலும் பேரும் தேதியும் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோவது, தாலி கட்டாமல் பெண்ணை அழைத்துப்போவது மாதிரி. பேர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, “என்ன விசேசம்? என்ன தேதி போடணும்?” என்று கேட்டார். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை பானுப்பிரியாவோடு நின்ற ஜோதிமணி சொன்னாள்: “இவுக துபாய் போறாக. மூணு வருச எக்ரிமென்ட். திரும்பி வர்ற தேதியப் போடுங்க. ரெண்டாயிரத்து ஒம்பது பொங்கலு.”

“வர்ற தேதி இப்பவே எப்படிம்மா தெரியும்?”

“சொல்லிட்டுத்தான போறாக.”

பேர் வெட்டுகிறவர் மெஷினை ஓட்டினார். டிர்ரென்று புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்துவிட்டார். கல்யாணத் தேதி, காதுகுத்துத் தேதி எல்லாம் வெட்டியவர், இன்னும் நடக்காத ஒன்றுக்கு அதுவரை வெட்டியதில்லை.

துபாயில் கார்மேகத்துக்கு முதல் வேலை குழியில். வில்லா கட்ட நிலத்தைக் கிளறியபோது ஏதோ பழைய சுவர் தட்டுப்பட, ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் வந்து கயிறு கட்டி, மண்ணைத் தூரிகையால் கூட்டச் சொன்னார். மண்ணைக் கூட்டி அள்ளி அங்கேயே வைப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற நாடு என்று கார்மேகம் முதல் வாரம் வியந்தான். இரண்டாம் வாரம் தாகம் வியப்பைத் தின்றுவிட்டது. கம்பெனி கொடுத்த கேன் தண்ணீர் பத்து மணிக்கே டீ போடும் பதத்துக்கு வந்துவிடும். சொந்த வயலில் வேலை செய்த காலத்தில் அவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்று இருந்தது. ஈர மணலில் பாத்திரத்தைக் கழுத்தளவு புதைத்துவை. தண்ணீர் குளிர்ந்து கிடக்கும்.

கடல் பக்கத்தில்தான். ஒரு முழம் தோண்டினால் ஈரம். ஆனால் வெயில் படாத ஈரம் ஒரே இடத்தில்தான் இருந்தது, பழைய சுவரின் வடபக்கத்து அடியில். கார்மேகம் கை நுழைகிற அளவுக்குச் சுவருக்குக் கீழே பொந்து பறித்தான். தட்டால் மூடிய சொம்பை உள்ளே தள்ளினான். மத்தியானம் எடுத்துக் குடித்தால் தொண்டையில் ஒரு பேச்சுத் துணை இறங்குவது போல இருக்கும். பேராசிரியரே ஒருநாள் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, எங்கிருந்து என்று கேட்காமல் போனார்.

ஏப்ரலில் ஒரு மணல்காற்று. குழியின் கரை சரிந்து மூடிக்கொண்டது. மறுநாள் காலை நாற்பது பேரை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். பேராசிரியரும் விமானம் ஏறிவிட்டார். கார்மேகம் இரண்டு வெள்ளிக்கிழமை ஒரு சாப்பாட்டுக் கரண்டியோடு அந்தப் பக்கம் போனான். இரண்டு முறையும் வாட்ச்மேன் “யல்லா, யல்லா” என்று விரட்டினான். அதன் பிறகு வாரா வாரம் போனில் ஜோதிமணியின் ஒரே கேள்வி, அவனுடைய ஒரே பதில்.

“சொம்பு இருக்கா?”

“இருக்கு.”

“அதுலதான் தண்ணி குடிக்கிறீகளா?”

“அதுலதான்.”

இரண்டரை வருஷம் கழித்துக் குழாய் பதிக்க வந்த மெஷின் சுவரை மறுபடி திறந்தது. அடியில் சொம்பு. கம்பெனி படம் எடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பியது. அவரும் நேர்மையாக எழுதினார்: இது இந்தக் காலத்துப் பாத்திரம், வேலையாள் யாரோ வைத்திருக்கலாம், பொருட்படுத்த வேண்டாம். ஆனால் அதை அவர் அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் எழுதியிருந்தார். கம்பெனியில் யாரும் மூன்றாம் பக்கம் தாண்டவில்லை, அங்கேதான் படம் இருந்தது. அந்த வருஷக் கடைசியில் வில்லாக்களை வாங்க நாதியில்லை. கிரேன்கள் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றன. அப்போதுதான் ஏஜென்ட் சரவணகுமார் படத்தைப் பார்த்து, தேதியைப் பார்த்து, இரண்டு கையையும் தலைமேல் குவித்துக் கும்பிட்டாராம்.

சொம்பு போனால் போகட்டும். அதில் வெட்டிய தேதிக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். கார்மேகத்துக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். மறுநாள் டூட்டி முடிந்ததும் டைம் கீப்பர் வாசுவின் கேபினுக்குப் போனான். வாசு பாலக்காட்டுக்காரர். நானூறு பேர் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதுவதுதான் அவர் உத்தியோகம். அதனால் சைட்டில் காலம் அவர் சொன்னபடிதான் நடக்கும்.

“எந்தா கார்மேகம்?”

“எக்ரிமென்ட் முடியுது சார். பொங்கலுக்கு ஊர் போகணும்.”

“லீவு மாஃபி. எல்லாருக்கும் நிப்பாட்டி வச்சிருக்கு. புராஜெக்ட் முடியற வரைக்கும் பாஸ்போர்ட் ஆபீசில இருக்கும்.”

“எப்ப சார் முடியும்?”

“பேரே ஃபாரெவர் பே. நான் எந்து சொல்றது?”

கார்மேகம் நின்றான். வாசுவுக்கே பாவமாக இருந்தது.

“இப்ப ஊருக்குப் போறவன் ஒருத்தன்தான், கம்பெனி டிஸ்மிஸ் பண்றவன். போன மாசம் ஒருத்தன் அந்தப் பழைய குழியில இருந்து ஒரு பானை ஓட்டை எடுத்துச் சட்டைப் பையில போட்டான். மூணாம் நாள் பிளேன். பாவம்.”

கார்மேகம் அந்தப் பாவத்தை ஒரு வாரம் நினைத்துக்கொண்டு கிடந்தான். பானை ஓட்டை எடுத்தவனுக்கே பிளேன் என்றால், ஆயிரத்து இருநூறு வருஷத்துச் சுவருக்கு அடியில் பொந்து போட்டவனுக்கு? அடுத்த சனிக்கிழமை தலைவாரிக்கொண்டு மறுபடி போனான்.

“சார், நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்.”

வாசு ஆர்வத்தோடு ஒரு பாரத்தை உருவினார். பேனாவைத் திறந்தார். கேட்டுக்கொண்டே வந்தவர், சொம்பு என்ற இடத்தில் பேனாவை மூடினார்.

“அதுவா? அந்தச் சாதனத்தை எம்.டி. நோட்டீஸ்ல போட்டு ஐயாயிரம் அடிச்சாச்சு. இப்ப வந்து அது உன் சொம்புன்னு சொன்னா டிஸ்மிஸ் ஆகறது நான். போய்க் குளிச்சுட்டுக் கிடந்நோ.”

“சத்தியமா சார், நாந்தான் குழியக் கெடுத்தேன்.”

“இல்ல. நீ நல்லவன். போ.”

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கிற ஊர்களைப் பற்றிக் கார்மேகம் கேள்விப்பட்டிருக்கிறான். செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள விடாத இடம் இதுதான்.

டாக்டரின் நோட்டீஸில் ‘உலோக வல்லுநர் ஜனாப் நெய்னா முகம்மது’ என்று ஒரு பெயர் இருந்தது. இடம் தேரா என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை, படகில் கடல்கழியைக் கடந்து போய் விசாரித்தான். வல்லுநர் ஒரு பாத்திரக் கடையில் இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவே உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர்.

“பாய், அந்தச் சொம்பு என்ன உலோகம்?”

“எவர்சில்வர். வேற என்ன?” தினத்தாளை மடிக்காமலே சொன்னார். “டாக்டரு இங்க தூக்கிட்டு வந்தாரு. நான் பாத்ததும் சொன்னேன், ‘எவர்சில்வர் வாப்பா, நானே டஜன் டஜனா விக்கிறேன்’னு. அவரு நோட்டுல என்ன எழுதினாரு தெரியுமா? ‘வல்லுநரே வியந்தார்.’ நான் வியந்தேன்தான், அந்த ஆளப் பாத்து.”

கார்மேகம் எல்லாவற்றையும் சொன்னான். நெய்னா முகம்மது இப்போது தினத்தாளை மடித்தார்.

“அடியில கறுப்பா ஒரு தழும்பு இருக்கே, அது?”

“கடை ஸ்டிக்கர் பாய். பாதிதான் உரிஞ்சது. வந்த நாள்லேருந்து சுரண்டுறேன், போகல.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அத டாக்டரு ‘காலத்தைக் கிழிச்சு வந்தப்ப ஏற்பட்ட தீக்காயம்’னு சொல்றாரு. அதுல ‘டியன் பாத்’துன்னு எழுத்து இருக்குன்னு ஒரு மாசமா ஆராய்ச்சி வேற!”

“பாண்டியன் பாத்திரக் கடை.”

“இத நீ எல்லாரு முன்னாலயும் சொல்லு தம்பி. பொங்கலன்னிக்குப் பயணிய வரவேற்க அந்தச் சுவருகிட்ட கூட்டம் போடுறாக, நானும் வர்றேன். மேனேஜரு காதுபட சொன்னா எப்படி மறைப்பாக? ஒன்ன அனுப்பித்தான் ஆகணும்.”

அன்று மாலை கார்மேகம் போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசினான். குழந்தை எடுத்தது. அவன் விட்டுவந்தபோது உட்காரக்கூடத் தெரியாத குழந்தை. “யாரு?” என்று கேட்டது. “அப்பா” என்றான். “எந்த அப்பா?” என்று கேட்டது. அதற்குள் ஜோதிமணி போனை வாங்கிவிட்டாள்.

“அது வெளாட்டுக்குக் கேக்குது. தேதி ஞாவகம் இருக்குல்ல?”

“இங்க ஊருக்கே ஞாவகம் இருக்கு” என்றான் கார்மேகம்.

பொங்கல் அன்று விடியும்போதே அவனுக்கு டூட்டி போட்டார்கள். பழைய சுவருக்கு எதிரே ஷாமியானா. எண்பது சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை அவன் ஒருவனே இறக்கி, துடைத்து, வரிசை போட்டான். கடலைத் தவிர வேறு ஆள் இல்லை. போட்டு முடித்து எண்பது காலி நாற்காலிகளுக்கு நடுவில் ஒன்றில் உட்கார்ந்தான். இந்நேரம் வீட்டு வாசலில் பானை வைத்திருப்பார்கள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் எட்டிப் பார்ப்பாள். பிறகு பொங்கல் அடிபிடித்துவிடும்.

ஒன்பதரைக்குமேல் கார்கள் வந்தன. டாக்டர் கோட்டுக்குக் கீழே பட்டு வேட்டி கட்டியிருந்தார். புராஜெக்ட் மேனேஜர் வந்தார், வாசு வருகைப் பதிவேட்டோடு வந்தார், நெய்னா முகம்மது வந்தார், வில்லா வாங்கக்கூடும் என்று நம்பப்பட்ட இருபது குடும்பங்கள் வந்தன. மற்ற நாற்காலிகளில் கேம்ப் ஆட்கள். கண்ணாடிப் பெட்டியைச் சுவரின் மேல் வைத்தார்கள். தேதியையும் மாதத்தையும் கூட்டிப் பெருக்கிப் பயணி வரும் நேரத்தை டாக்டர் கணித்திருந்தார். பத்து மணி பதினாலு நிமிடம்.

பத்து பதினாலு வந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். ராக்கப்பன் மட்டும் அண்டாவைப் பார்த்தார். பத்து பதினேழுக்குத் தூரத்தில் புழுதி எழுந்தது. கூட்டம் எழுந்து நின்றது, டாக்டர் மாலையோடு ஓடினார். வந்தது தண்ணீர் லாரி. கழுத்தில் மாலை விழுந்ததும் பட்டாணிய டிரைவர் தான் யார் மேலோ வண்டியை ஏற்றிவிட்டதாகப் பயந்து, “பாய், மைனே குச் நஹீ கியா!” என்று, தான் ஒன்றும் செய்யவில்லை எனக் கையெடுத்துக் கும்பிட்டான்.

மாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு டாக்டர் வந்து உட்கார்ந்தார். யாரோ கனைத்தார்கள். ஒரு குடும்பம் காருக்குப் போகத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் கார்மேகம் நாற்காலி வரிசைக்குப் பின்னாலிருந்து நடந்து வந்து, மேனேஜருக்கு எதிரே நின்றான்.

“சார், அது என் சொம்பு. தண்ணி குளிரணும்னு சுவத்துக்கு அடியில பொந்து போட்டு வச்சேன். குழியக் கெடுத்தது நாந்தான். என்னய டிஸ்மிஸ் பண்ணுங்க.”

“யாரப்பா இது?” என்றார் டாக்டர்.

“உண்மைய சொல்ற ஆளு” என்றார் நெய்னா முகம்மது எழுந்து. “அடியில இருக்கிற தழும்பு என்னன்னு அந்தத் தம்பியக் கேளுங்க.”

“பாண்டியன் பாத்திரக் கடை, பரமக்குடி. பாதி ஸ்டிக்கர். கா கார்மேகம். ஜோ ஜோதிமணி, என் சம்சாரம். தேதி, நான் ஊருக்குப் போக வேண்டிய தேதி. அது இன்னிக்குத்தான் சார்.”

பெட்டியைத் திறந்து சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மேனேஜர் பார்த்தார், வாசு பார்த்தார், காருக்குப் போன குடும்பம் திரும்பி வந்து பார்த்தது. டியன் பாத். இப்போது எல்லோர் கண்ணுக்கும் அதன் முன்னும் பின்னும் எழுத்துகள் தெரிந்தன. கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. டாக்டரின் முகம் மனைப் பத்திரம் போலி என்று தெரிந்தவன் முகம் போல ஆனது. கார்மேகத்துக்கு அந்த ஒரு நிமிடம் காதில் விமானச் சத்தமே கேட்டுவிட்டது.

ஆனால் இல்லாத விமான நிலையத்தை விற்றவரை அவ்வளவு எளிதில் சாய்க்க முடியாது. டாக்டர் மெல்ல எழுந்தார்.

“வாசு சார், நான் கணித்தது இந்திய நேரம். அதை மறந்துபோனேன். இந்தியாவில் பத்து பதினாலு என்றால் இங்கே?”

“எட்டு நாற்பத்தி நாலு.”

“அந்த நேரத்தில் இந்த இடத்தில் யார் இருந்தது? பதிவேட்டைப் பாருங்கள்.”

வாசு விரலை ஓட்டினார். “கார்மேகம். வேற ஆரும் இல்ல.”

“தம்பி,” டாக்டரின் குரல் குழைந்தது, “இந்தச் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீ எந்த வருஷத்திலிருந்து கிளம்பினாய்?”

“ரெண்டாயிரத்து ஆறு.”

“அதற்கப்புறம் என்ன நடந்தது என்று சொல் பார்ப்போம்!”

கார்மேகம் யோசித்துப் பார்த்தான். டூட்டி, ரூம். ரூம், டூட்டி. குழந்தை நின்றது, நடந்தது, பேசியது, எல்லாம் வேறெங்கோ நடந்தன.

“ஒண்ணும் நடக்கல சார்” என்றான்.

“கேட்டீர்களா!” டாக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கை விரித்தார். “இடையில் ஒன்றுமே நடக்கவில்லை! ஆறிலிருந்து நேரே ஒன்பது! பயணி வந்துவிட்டார் அன்பர்களே!”

லாரிக்காரன் கழுத்திலிருந்து கழற்றிய மாலை கார்மேகத்தின் கழுத்தில் விழுந்தது. குடும்பங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டன. ஒரு பெண்மணி வரப்போகும் காலத்தில் வில்லா விலை ஏறுமா என்று கேட்டார். “எனக்குத் தெரியாதும்மா” என்றான். அந்த அடக்கம் அவருக்கு மிகவும் பிடித்தது. மேனேஜர் வாசுவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

“சார், டிஸ்மிஸ்?” என்று கேட்டான் கார்மேகம்.

வாசு அவன் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டில் கோடு போட்டார். “நாளைலேருந்து உனக்கு டூட்டி இங்கதான். சுவருக்குப் பக்கத்தில நிக்கணும், வர்றவங்களோட படம் எடுக்கணும். உன்னை மட்டும் எங்கயும் விடக்கூடாதுன்னு ஓர்டர். ரெண்டு வருஷத்துக்கு எக்ரிமென்ட்டைப் புதுக்கறாங்க.”

நெய்னா முகம்மது அவனிடம் வந்தார். மாலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். கடைசியில், “சாப்பிட்டியா தம்பி?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கண்ணாடிப் பெட்டியும் வெல்வெட்டும் மீனா பஜார் நகைக்கடை ஒன்றில் இரவல் வாங்கியவை. அவற்றைப் பத்திரமாக எடுத்துப் போனார்கள். ஆளே கிடைத்துவிட்ட பிறகு சொம்பு யாருக்கு வேண்டும்? அது சுவரின் மேல் சாய்ந்து கிடந்தது. கார்மேகம் எண்பது நாற்காலிகளையும் அடுக்கிவிட்டு, சொம்பை லாரிக் குழாயில் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு சுவர் நிழலில் உட்கார்ந்தான். போன் அடித்தது.

“எங்க இருக்கீக?” பின்னால் பொங்கலோ பொங்கல் என்று பக்கத்து வீட்டுச் சத்தம்.

“சைட்டுல.”

அவள் வாசல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“சொம்பு இருக்கா?”

“இருக்கு. கையிலதான் வச்சிருக்கேன்.” சொம்பு தொலைந்த பிறகு முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு அவன் உண்மை சொன்னான். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

“பானுவுக்கு ஒண்ணு வாங்கணும், பள்ளிக்கூடத்துல சேக்கிறோம்ல. அதுல தேதி வேணாம். பேரு மட்டும் வெட்டச் சொல்லுறேன்.”

“சரி.”

“சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டாள்.

தண்ணீர் அதற்குள் சூடேறியிருந்தது. அப்படியே குடித்தான். பிறகு சொம்பைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்த அந்தப் பாதி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான்.